காதுக்குக் கீழே ஒரு சுரப்பி

முகில்,

உன் கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. மண்டபத்து நாற்காலி விஷயமாகப் பேசிவிட்டு வருகிறேன் என்று அப்பா கிளம்பிப் போயிருக்கிறார். வீட்டில் நான் மட்டும்தான். உனக்குச் சொல்ல நினைத்ததை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடலாம் என்று முதலில் பார்த்தேன். பேச ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி நிறுத்தி அழித்துவிட்டேன். எழுத்தை அழிக்க எனக்கு மனசு வராது பார், அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீளமாகத்தான் போகும். மூவாரில் உன் அறையில் காற்றாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படி. உன்னைக் கட்டப்போகும் தர்ஷினியும் படிக்கட்டும், அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சின்ன வயதில் உன்னிடம் யாராவது "அம்மா என்ன வேல செய்றாங்க?" என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில மெழுகு வெட்டுறாங்க" என்பாய். கேட்டவர்கள் நான் ஏதோ மெழுகுவர்த்தி செய்வதாக நினைத்துக்கொள்வார்கள். ஆனால் நீ சொன்னது சரிதான். மருத்துவர்கள் உடம்பிலிருந்து எடுத்து அனுப்பும் சின்னத் துண்டுகளை எங்கள் ஆய்வுக்கூடத்தில் மெழுகில் பதித்து, அது இறுகியதும் கருவியில் வைத்துச் சீவுவோம். வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லியதாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் விரியும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுத்துச் சாயம் ஏற்றுவோம். ஊதா ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று. அதற்குப் பிறகுதான் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து நோயா இல்லையா என்று முடிவு சொல்வார். சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில் நானும் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்ப்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிடித்த அந்தப் பைத்தியம் ஓய்வு பெறப்போகும் இந்த வயதிலும் விடவில்லை.

பெரிய உடம்பு, சின்ன உடம்பு, யாருடையதாக இருந்தாலும் நான்கே வகைத் திசுக்கள்தான் என்று உனக்குப் பரீட்சை சமயத்தில் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? நீ மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்திருப்பாய். நான் அவற்றைத் தினமும் பார்ப்பவள். எபிதீலியத் திசு செங்கல் அடுக்கியதுபோல ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். வெளியே தோலாகவும் உள்ளே குடலின் சுவராகவும் இருப்பது அதுதான். மூச்சுக்குழாயில் அதன்மேல் மெல்லிய இழைகள் இருக்கும். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுப்போம். அந்த இழைகள் பாட்டுக்குத் தூசியைத் தொண்டைப் பக்கமாக மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இணைப்புத் திசு எலும்பாக நிற்கும், கொழுப்பாக மெத்தை போடும், இரத்தமாகவும் ஓடும். தசைத் திசுவில் நாம் சொன்னால் கேட்பதும் உண்டு, இதயத்தைப்போல நம்மைக் கேட்காமலே வேலை செய்வதும் உண்டு. நரம்புத் திசுவைத் தகட்டில் பார்த்தால் வெளிறிப்போய், ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். ஆனால் கால் கட்டைவிரலை அசைக்கும் செய்தியை முதுகிலிருந்து ஒரே ஓர் இழை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சுரப்பிகளில் பெரும்பாலானவை எபிதீலியம் உள்பக்கமாக மடிந்து வளர்ந்து உண்டானவை. சிலவற்றுக்குக் குழாய் உண்டு: வியர்வை, உமிழ்நீர், பால். தைராய்டு, அட்ரினல் போன்றவை குழாய் இல்லாமல் நேராக இரத்தத்திலேயே கலந்துவிடும்.

பால் என்றதும் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நீ பிறந்த பிறகு நான் வேலைக்குத் திரும்பிய புதிது. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். குழந்தைகள் வார்டு வழியாகத் தட்டு நிறையத் தகடுகளை எடுத்துக்கொண்டு போகும்போது ஏதோ ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. யார் பெற்ற பிள்ளையோ. என் சட்டை இரண்டு பக்கமும் நனைந்துவிட்டது. தட்டை வைத்திருந்ததால் கையால் மறைக்கவும் முடியவில்லை. பின்னால் வந்த, என்னோடு மெழுகு வெட்டும் ரொஹானா அக்கா, நம் கக் ரொஹானா, தன் ஆய்வுக்கூட அங்கியைக் கழற்றி என் தோளைச் சுற்றிப் போட்டுவிட்டு, "அது உன் பிள்ளை இல்லைன்னு உன் உடம்புக்குச் சொல்லு" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். சொன்னால் கேட்கிற உடம்பா அது! காது கேட்கிறது, மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சேதி அனுப்புகிறது, பால் சுரப்பியைச் சுற்றியிருக்கும் உயிரணுக்கள் பிழிந்து கொடுத்துவிடுகின்றன. இது என் பிள்ளைதானா என்ற விசாரணையே அதற்கு இல்லை. வெட்கத்தோடு வெட்கமாக, இப்படி ஓர் உடம்பை நமக்குக் கொடுத்திருக்கிறதே என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. உனக்குப் பிள்ளை பிறந்தால், தர்ஷினி பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் அவள் கேட்காமலே ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய் வை. அந்த நேரத்தில் தாகம் அப்படி எடுக்கும். உங்கப்பா வைத்தார்.

அதே பிட்யூட்டரிதான் உன்னை இடைநிலைப்பள்ளியில் திடீரென்று வாழைக்கன்றுபோல உயர்த்திவிட்டது. குரல் உடைந்து, பேசவே கூச்சப்பட்டு, வாய் திறக்காமல் திரிந்தாய். அந்தச் சமயத்தில்தான் பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்தாய். பேச வராத பையன் வீட்டுக்கு டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ஊதியதில் எதிர்வீட்டு அங்கிள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். ஆரம்பத்தில் எருமை கத்துவதுபோலத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் சமையற்கட்டில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன், முன்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவ்வளவு சுத்தமாக, நீளமாக. அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். நீ படித்து, இசை ஆசிரியராகி, மூவாரில் வேலை கிடைத்து, அந்தப் பள்ளியின் பேண்டுக்குப் பொறுப்பேற்றது எல்லாம் பிறகு நடந்தவை. என்னைப் பொறுத்தவரை நீ என்னவாகப் போகிறாய் என்பது அந்த ரசத்தோடு முடிவாகிவிட்டது.

போன வருடம் நானும் அப்பாவும் உன்னைப் பார்க்க மூவாருக்கு வந்தோமே, காலையிலேயே குச்சியில் சுட்ட இறைச்சி, சாத்தே, சாப்பிடும் ஊர் என்று அப்பா வேடிக்கை பண்ணிக்கொண்டிருந்தார். கடையில் நீ எனக்கு எதிரே உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாய். உன் இடது காதின் சோணை வலது காதைவிடக் கொஞ்சம் தூக்கினாற்போல் இருந்தது. மெல்லும்போது அதற்குக் கீழே ஒரு சின்ன மேடு தெரிந்தது. நான் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தேன்.

"அங்க என்னாடா வீங்கியிருக்கு?"

"இதுவா? ரொம்ப நாளா இருக்கும்மா. வலிக்கல. ஒன்னும் இல்லலா."

வலித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது; எங்கள் மேசைக்கு வருபவை பெரும்பாலும் வலிக்காத கட்டிகள்தான். மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, அத்தனை பேர் முன்னால், அதைத் தொட்டுப் பார்த்தேன். சின்னப் பாக்குபோல, உருண்டையாக, விரலுக்கு நகர்ந்தது. அங்கே இருப்பது உமிழ்நீர்ச் சுரப்பிகளிலேயே பெரியது. மாங்காயை நினைத்தாலே கன்னத்தின் பின்பக்கம் சுரீரென்று இழுக்குமே, அதுதான். "நாளைக்கே டாக்டரப் பாரு" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாய். வீட்டுக்குத் திரும்பும் வழியில், செடெனாக் ஊரைத் தாண்டிய பிறகுதான், அது என்னவாக இருக்கலாம் என்று நான் பயந்ததை அப்பாவிடம் சொன்னேன். அவர் வண்டியைச் செம்பனை மரங்களின் ஓரமாக நிறுத்திவிட்டார்.

ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்த்ததில் பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத, சாதுவான கட்டிதான் என்று வந்தது. முழுதாக எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம் என்றார்கள். அறுவை மருத்துவர் நம் தமிழ்ப் பெண். உன் கோப்பைப் புரட்டிக்கொண்டே, "என்ன வேல பாக்குறீங்க?" என்று கேட்டார். "மியூசிக் டீச்சர். டிரம்பெட் ஊதுவேன்" என்றாய். அவர் கோப்பை மூடி வைத்துவிட்டார்.

"அப்ப நான் நேராவே சொல்லிர்றேன். முகத்துக்குப் போற நரம்பு இந்தச் சுரப்பிக்குள்ள நுழைஞ்சுதான் அஞ்சு கிளையா பிரியுது. கட்டி அதுமேல ஒக்காந்திருக்கு. கிளைய ஒவ்வொன்னா பிரிச்சு ஒதுக்கிட்டுத்தான் கட்டிய எடுக்கணும். எவ்வளவு கவனமா செஞ்சாலும் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் தளர்ந்து போகலாம். நெறய பேருக்குத் திரும்பி வந்துரும். எல்லாருக்கும் முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

"எடுக்கலன்னா?"

"இப்ப சாதுவா இருக்கு. வருஷம் போகப் போகக் கெட்டதா மாறலாம். பெருசான பெறகு நரம்பக் காப்பாத்துறதும் கஷ்டம்."

கன்னத்துக்குள் ஒரு தட்டைத் தசை இருக்கிறது, முகில். ஊதும்போது கன்னம் உப்பிப் போகாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். பழைய மருத்துவர்கள் லத்தீன் மொழியில் அதற்கு வைத்த பெயரே எக்காளம் ஊதுபவன் என்பதுதான். அதற்கு உயிர் கொடுப்பதும் அந்த ஐந்து கிளை நரம்புதான். இது எனக்கு முன்பே தெரியும். அந்த அறையில் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தெரியாமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு கார் நிறுத்துமிடத்தில் நீயும் அப்பாவும் போட்ட சண்டை. "இதுல யோசிக்க என்னாடா இருக்கு? உயிரு பெருசா, ஊதறது பெருசா?" என்று அவர் கத்த, "அது இல்லாம நான் யாருப்பா?" என்று நீ திருப்பிக் கத்திவிட்டு, தூறலில் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாய். அப்பாவுக்குக் கை நடுங்கியதில் சாவி காரின் துளைக்குள் போகவே இல்லை. நான் உன் பின்னால் ஓடவும் இல்லை, அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கண்ணிமைக்கும் நேரத்தில் தன் சுரப்பை இரத்தத்தில் கொட்டிவிடும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், குரல் உயரும். கொட்டுவதற்கு நேரம் ஆகாது, ஆனால் வடிவதற்கு ஆகும். அதுவரை யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. கோபமும் அதே வழியில்தான் வருகிறது, பயமும் அதே வழியில்தான் வருகிறது. அன்றைக்கு உங்கள் இரண்டு பேருக்கும் வந்தது பயம், கத்தியதென்னவோ கோபம் மாதிரி. நீ நனைந்துபோய்த் திரும்பி வந்தபோது அப்பா எதிர்க்கடையில் வாங்கிய தே தாரிக் தேநீர்ப் பொட்டலத்தை உன் கையில் கொடுத்து, "சீனி கம்மியாத்தான் போடச் சொன்னேன்" என்றார். நீ உறிஞ்சிக் குடித்துவிட்டு, "ஆபரேஷனுக்குத் தேதி வாங்கச் சொல்லும்மா" என்றாய். தர்ஷினியோடும் உனக்குச் சண்டை வரும். வராத வீடு எது? அந்த நேரத்தில் உன் நாக்கை நம்பாதே. முதலில் வடியட்டும். குடிக்க ஏதாவது கொண்டுபோய்க் கொடு.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் நீ ஒரு காரியம் செய்தாய், அதை நீயாக என்னிடம் சொல்லவே இல்லை, தர்ஷினிதான் சொன்னாள். பள்ளி முதல்வரைப் போய்ப் பார்த்து, "என்னால ஊத முடியாமப் போனாலும் பேண்டை என்கிட்டயே விடுங்க, கை காட்டியாவது நடத்துவேன்" என்று கேட்டிருக்கிறாய். உன்னைப் பற்றி எத்தனையோ விஷயங்களுக்காகப் பெருமைப்பட்டிருக்கிறேன். இதைக் கேட்டபோது மட்டும் எனக்கு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கக் ரொஹானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

மயக்கம் தெளிந்து நீ கண்ணைத் திறந்தாய். வலது கண் மட்டும்தான் சரியாகத் திறந்து மூடியது. இடது பக்கம் நெற்றியிலிருந்து வாய் வரைக்கும் ஈரத்துணி தொங்குவதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. "அம்மா" என்றாய். அந்தச் சொல்லுக்கு இரண்டு உதடும் முழுசாக ஒட்ட வேண்டும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. உனக்குப் பாதி ஒட்டியது, மீதிப் பாதியில் காற்றுக் கசிந்தது. உன் வலது பக்கம் பார்த்தாற்போல நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா வேண்டுமென்றே இடது பக்கம் போய் உட்கார்ந்து, அந்தக் கன்னத்தையே பார்த்தபடி ஆரஞ்சு உரித்தார். மருத்துவர் வந்து, "ஒரு கிளையையும் வெட்டல. எல்லாம் முழுசா இருக்கு. ஒதுக்கி வச்ச அதிர்ச்சியில தூங்குது, எழும்பும்" என்றார்.

உன் கட்டி எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வந்தது. அது வந்த அன்றைக்கு நான் அந்தப் பக்கமே போகாமல், வேறு மேசையில் வேறு யாருடையதையோ சீவிக்கொண்டிருந்தேன். சொந்தப் பிள்ளையின் உடம்பைச் சீவ எந்தத் தாய்க்குக் கை வரும்? கக் ரொஹானா சீவினார். தகட்டை ஒளியில் தூக்கிப் பார்க்கும்போது அவர் உதடு முணுமுணுத்தது, துஆ ஓதினார் என்று நினைக்கிறேன். முடிவு மருத்துவரிடம் போய், அவர் உன்னிடம் "சாதுவான கட்டிதான், முழுசா எடுத்தாச்சு" என்று சொல்லி, நீ "போய் அதப் பாரேன்மா, ஒனக்குத்தான் இது பிடிக்குமே" என்று சொன்ன பிறகுதான் நான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். முகில், அது அழகாக இருந்தது. சொல்லக் கூடாதுதான், ஆனாலும் அழகு. ஓரத்தில் உன் நல்ல சுரப்பி, சின்னச் சின்ன மொட்டுகள் அடுக்கியதுபோல, நடுவில் உமிழ்நீர் போகும் குழாய். அதைத் தாண்டினால் மெல்லிய இணைப்புத் திசு உறை. உறைக்குள் கட்டி. எச்சில் ஊற வேண்டிய இடத்தில், காது மடலில் இருக்க வேண்டிய குருத்தெலும்பு மாதிரி ஒன்று இளம் ஊதாவில் பூத்திருந்தது. தங்கள் வேலை என்ன என்று மறந்துபோன சில உயிரணுக்கள் அவை. அதைச் சுற்றி உன் உடம்பு சத்தம் போடாமல் ஒரு வேலி கட்டி வைத்திருந்தது. நீ "ஒன்னும் இல்லலா" என்று சாத்தே சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளிலும் அது கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அடுத்து நீ இங்கே நம் வீட்டில் இருந்த மாதங்கள்தான் நீளமானவை. கண்ணை மூட முடியாததால் அது காய்ந்துபோகும். கண்ணீர்ச் சுரப்பி தன் வேலையைச் செய்தது, அதைத் துடைப்பம்போல இழுத்துப் பரப்பும் இமைதான் வரவில்லை. நாம் எத்தனை ஆயிரம் முறை கண் சிமிட்டுகிறோம், ஒரு நாளாவது அதற்கு நன்றி சொல்லியிருப்போமா? தர்ஷினி வாரக் கடைசியில் மூவாரில் வேலை முடிந்ததும் அங்கிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள். ஒரு சனிக்கிழமை நீ கண்ணாடி பார்த்துவிட்டு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே அவளிடம், "இது இப்படியே நின்னுட்டா என்ன பண்றது? நீ நல்லா யோசிச்சுக்க" என்றாய். நான் சமையற்கட்டில் இருந்தேன், கையில் கரண்டி. அவள், "சரி, யோசிக்கிறேன். இப்ப தலயத் தூக்கு, மருந்து விடணும்" என்றாள். அவ்வளவுதான் அந்தப் பேச்சு. அதற்குப் பிறகு அதை நீயும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. எனக்கு மருமகள் யார் என்பதில் அன்றோடு சந்தேகம் தீர்ந்தது.

கண்ணாடி முன்னால் நின்று நீ செய்த பயிற்சிகள் இந்த வீட்டுச் சுவருக்கெல்லாம் மனப்பாடம். புருவத்தைத் தூக்கு, மூக்கைச் சுருக்கு, உதட்டைக் குவி. எதுவும் அசையாது. அசையாத முகத்தோடு அடுத்த நாளும் போய் நிற்பாய். வேறு யாராவதாக இருந்தால் கண்ணாடியைத் திருப்பி வைத்திருப்பார்கள். அடிபட்ட நரம்பு புல் வளர்வதைவிட மெதுவாகத்தான் தேறும், வெளியே எதுவும் தெரியாது. நீ அதை நம்பினாய், அதற்கு எந்தச் சாட்சியும் இல்லாமல். பிறகு ஒரு காலையில் குளியலறையிலிருந்து நீ போட்ட சத்தத்தில் நான் பதறி ஓடி வந்தேன். உதட்டில் பற்பசை நுரை, சட்டை மட்டும் காய்ந்திருந்தது. "அம்மா, ஒழுகலம்மா! கொப்பளிச்சேன், ஒழுகவே இல்ல!" அப்பா இன்னொரு குளியலறையிலிருந்து தலையில் சோப்போடு வந்து நின்றார். இன்னொரு தடவை கொப்பளித்துக் காட்டச் சொன்னார். காட்டினாய். "அலமாக், ஆமாடா!" என்று அவர் ஈரக்கையோடு உன் தலையில் தட்டினார்.

டிரம்பெட்டை நீ உடனே எடுக்கவில்லை. முதலில் வாய் வைக்கும் பகுதியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, கொசு பறப்பதுபோல ஊதிப் பழகினாய். இடது ஓரத்தில் காற்றுக் கசிந்தால் நிறுத்திவிட்டு, உதட்டைத் துடைத்துவிட்டு, மறுபடி. பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு எங்களையும் வரச் சொன்னாய். நீ கை காட்டப்போகிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தோம். கடைசிப் பாட்டில் பிள்ளைகளோடு வரிசையில் போய் நின்று, தாழ்ந்த சுரங்களை மட்டும் நீயும் ஊதினாய். உயர்ந்த சுரங்களை மாணவர்கள் ஊதினார்கள். அவை உனக்கு இன்னும் வரவில்லை, வராமலும் போகலாம் என்று என்னிடம் சாதாரணமாகச் சொன்னாய். முன்பெல்லாம் நீ ஊதும்போது உன் சத்தம் தனியாகக் கேட்கும். அன்றைக்கு அது அடியில் இருந்தது, பிள்ளைகளின் சத்தம் அதன்மேல் ஏறி நின்றது. வெயிலில் உங்கப்பா கறுப்புக்கண்ணாடியைக் கழற்றவே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

தர்ஷினி வீட்டுக்குப் பேசி முடிக்க மெர்சிங் போனோமே, அதையும் எழுதிவிடுகிறேன். அவள் அப்பா தீவுக்குப் போகும் படகுகளுக்கு இயந்திரம் பழுது பார்ப்பவர், பார்த்தாலே பயமாக இருக்கும் மீசை. நல்ல புளிப்பும் காரமுமாக அசாம் பெடாஸ் மீன்குழம்பு வைத்திருந்தார்கள். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாய், உன் இடது கன்னம் மட்டும் குப்பென்று வியர்த்து, தாடை வழியாகச் சொட்ட ஆரம்பித்தது. வலது கன்னம் காய்ந்து கிடக்கிறது. எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"என்னா தம்பி, காரம் அதிகமா? இல்ல எங்களப் பாத்துப் பயமா?" என்றார் அவள் அப்பா.

நீ கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல் சொன்னாய்: "இல்ல மாமா. அந்தப் பக்கம் சுரப்பியில கொஞ்சத்த எடுத்துட்டாங்க. எச்சிலுக்குப் போற நரம்பு வீடு தேடிப் போயி, தப்பா வேர்வைச் சுரப்பிக்குள்ள நொழஞ்சிருச்சு. வாய் ஊறுனா கன்னம் வேர்க்கும்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "அப்ப, சாப்பாடு புடிச்சிருக்குன்னுதான அர்த்தம்?"

"ரொம்பப் புடிச்சிருக்கு மாமா."

"இன்னொரு துண்டு வைம்மா இவருக்கு" என்றார் உள்பக்கம் பார்த்து. அதோடு கல்யாணம் பேசி முடிந்த மாதிரிதான். நான் உன் ஈரக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகத்து நரம்பு தப்பியது, சுரப்பியோடு அறுபட்டது எச்சில் நரம்பின் ஒரு நூல். அது, போய்ச் சேர வேண்டிய இடம் இல்லாமல் போனதும் சும்மா கிடக்காமல், இருட்டில் தடவித் தடவிப் போய்க் கிடைத்த இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. தப்பான இடம்தான். ஆனாலும் அதன் முயற்சியைப் பார். இத்தனை வருடம் கண்ணாடித் தகட்டில் நான் பார்த்ததெல்லாம் ஓய்ந்துபோன உடம்பை. அன்றைக்குத்தான் அது உயிரோடு, சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்த்தேன்.

நீயும் அவள் அப்பாவும் படகுத்துறைப் பக்கம் நடந்து போன பிறகு, நானும் தர்ஷினியும் பின்பக்கம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். மனசில் வைத்துக்கொண்டே இருந்ததை அவளிடம் கேட்டுவிட்டேன். "அந்தப் பக்கம் சிரிப்பு இன்னும் கொஞ்சம் பிந்தித்தாம்மா வருது. இனிமே இதுக்கு மேல சரியாகாதுன்னு டாக்டர் சொல்றாங்க. ஒனக்கு ஒன்னும்..." என்று இழுத்தேன்.

அவள் சோப்புக் கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆண்ட்டி, அது சரியாகணும்னு நான் கேக்கவே இல்லயே. மொதல்ல வலது பக்கம் சிரிப்பாரு. நான் பாத்துக்கிட்டே இருப்பேன். அப்புறம் இடது பக்கம் மெதுவா வரும். மத்தவங்க அதுக்குள்ள திரும்பிருவாங்க. அவங்களுக்கு ஒன்னுதான். எனக்கு ரெண்டு."

நான் கையிலிருந்த தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

கல்யாண மேடையில் படம் எடுப்பவர்கள் சிரி சிரி என்று அவசரப்படுத்துவார்கள், முகில். நீ அவர்களைப் பார்க்காதே. பக்கத்தில் நிற்பவளுக்கு நேரம் இருக்கிறது. மெதுவாகவே சிரி.

உன் அம்மா